நான் வாசிக்காத கதை

மதாம்,

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக் குசினியில் உங்கள் வீட்டு மணம் வந்தது. என் மனைவிக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்து ஒரு வருடமாகிறது. அன்றிலிருந்து உலகத்திலுள்ள மா வகையெல்லாம் எங்கள் அலுமாரிக்குள் குடியேறிக்கொண்டிருக்கின்றன. குரக்கன் வந்தது, சாமை வந்தது, ஓட்ஸ் வந்தது. இந்த முறை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி பக்வீட் மா ஒரு பக்கற் வாங்கி வந்திருந்தாள். அதைக் கரைத்துத் தோசைக்கல்லில் ஊற்றியதும், ஈர மண்ணும் வறுத்த கடலையும் சேர்ந்தாற்போல ஒரு மணம், கொஞ்சம் கருகலோடு, படியேறி மேலே வந்தது. சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதி முகத்தில் நுரையோடு கீழே இறங்கிவிட்டேன்.

"என்னப்பா, இப்பிடி ஓடி வாறியள்? கருகினது எனக்கும் தெரியுது" என்றாள்.

"கருகட்டும். அது அப்பிடித்தான் மணக்க வேணும்" என்றேன். முகத்தில் நுரை இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

உங்கள் ஊரில் அதைக் கறுப்புக் கோதுமை என்பீர்கள். வெள்ளிக்கிழமைகளில் அதைத்தான் சுடுவீர்கள். ஓரம் மொறுமொறுப்பாக வரும் வரைக்கும் அடுப்பை விட்டு நகரமாட்டீர்கள். யார் கதவைத் தட்டினாலும் அங்கிருந்தே சத்தம் போடுவீர்கள். போன குளிர்காலத்தில் நீங்கள் இறந்துபோனீர்கள். உங்களை மண்ணில் வைத்து ஒன்பது நாள் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. அதைப் பற்றி முறைப்பாடு சொல்ல எனக்கு உரிமையில்லை.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுத வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அப்போது நான் எழுதவில்லை. உங்களுக்கு நான் ஒரு பொய் சொன்னேன், அதை மூட இன்னொரு பொய் எழுதினேன், அந்த இரண்டாவது பொய்யை நீங்கள் நம்பினீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆனால் எடுத்த உடனே சொல்ல வாய் வரவில்லை, கொஞ்சம் சுற்றி வர விடுங்கள்.

பாரிசில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எங்களில் நாலு பேரை, மீனை டின்னில் அடைக்கிற தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்று பிரித்தானிப் பக்கம் கூட்டிப்போனார்கள். பிரான்சின் மேற்கு ஓரம், அதற்கப்பால் கடல்தான். பேக்கரிக்கு மேலே இரண்டு அறையில் நாலு பேரும் இருந்தோம். உடம்பில் மீன் மணம், கீழேயிருந்து பாண் மணம். ஊர்ச் சனம் எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீங்கள் அந்த ஊரின் தபால்காரி. ஐம்பதை நெருங்கிய வயது, ஒட்ட வெட்டிய நரைத்த முடி, காலில் ஆண்களின் சப்பாத்து. மஞ்சள் தபால் வானை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கடிதம் போடுவீர்கள், பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடித்தால் கையைக் காட்டிப் பொறு என்பீர்கள். ஒரு நாள் பெட்டியில் போடாமல் படியேறி வந்து கதவைத் தட்டினீர்கள். கையில் நீல ஏரோகிராம்.

"மூன்று கிழமையாக நீங்கள் ஜன்னலில் நிற்பதைப் பார்க்கிறேன். இதைப் பெட்டிக்குள் போட எனக்கு மனம் வரவில்லை" என்றீர்கள்.

அது அண்ணை எழுதிய கடிதம். போகாமல் நின்றீர்கள். அந்த மொழி எப்படி ஒலிக்கும், ஒரு வரி வாசியுங்கள் என்றீர்கள். வாசித்தேன்: "இங்கு எல்லோரும் சுகம். நீ சுகமா? நேரத்துக்குச் சாப்பிடு." என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். சொன்னேன். "எல்லா அண்ணன்மாரும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுகிறார்கள்" என்று சிரித்தீர்கள். அன்று பிடித்துக்கொண்ட சொல் உங்களுக்குச் 'சுகமா'. அதன் பிறகு ஊருக்குள் எங்கே கண்டாலும், இறைச்சிக்கடை வரிசையில் நின்றாலும், ஒரு கூச்சமும் இல்லாமல் "சுகமா?" என்று கத்துவீர்கள். ஊர்ச் சனம் அதை என் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

நீங்கள் எழுதுகிறவர் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று மீன் தலை வெட்டிய பெண் ஒரு நாள் சொன்னாள், "அந்தத் தபால்காரி என்னுடைய மாமியாரைப் புத்தகத்தில் எழுதிப்போட்டாள்" என்று. கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். பெருமையாம். அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது கேட்டேன். நீங்கள் ஒரு பழைய கொப்பியை எடுத்துக் காட்டினீர்கள். இடது பக்கம் உங்கள் ஊரின் பழைய மொழியான பிரெத்தோன், வலது பக்கம் நீங்களே செய்த பிரெஞ்சு. வான் ஓட்டம் முடிந்து வந்ததும் சுடுதண்ணீர்ப் பேசினுக்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு எழுதுவீர்கள். தண்ணீர் ஆறினால் அன்றைய எழுத்து முடிந்தது.

உங்கள் அம்மா பள்ளிக்கூடத்தில் பிரெத்தோன் பேசியதற்காகக் கழுத்தில் மரச் சப்பாத்தைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். அதனால் அவர் உங்களோடு ஒரு சொல்லும் அந்த மொழியில் பேசவில்லை. நீங்கள் ஒரு காலத்தில் அப்பாவோடு கடலுக்குப் போனவர்களிடமிருந்து, அம்மாவுக்குத் தெரியாமல், கள்ளமாகப் படித்தீர்கள். அந்த மொழியில் உங்கள் முதல் புத்தகம் வந்தபோது அம்மா அதைத் திறக்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் தானாகவே வந்து முன்னால் உட்கார்ந்து, "வாசி, கேட்போம்" என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் கொஞ்சம் இறங்கும்.

பாரிஸ் பத்திரிகை ஒன்று உங்களை 'வட்டார எழுத்தாளர்' என்று எழுதியிருந்தது. அது மரியாதையா, நக்கலா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். "பாரிசும் ஒரு வட்டாரம்தான். அவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, பாவம்" என்றீர்கள். இப்போது லண்டனில் ஸ்ட்ரெதம் ஆள், இல்ஃபோர்ட் ஆள் என்று எங்கள் சனம் ஒருவரையொருவர் ஏளனம் பண்ணும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து சிரிப்பேன்.

உங்களுக்கு ஒரு முறை இருந்தது. யாருடைய வாழ்க்கையிலிருந்து கதை வந்ததோ அவர் வீட்டுக்குப் போய், குசினி மேசையில் உட்கார்ந்து, முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுவீர்கள். ஓம் என்றால் அச்சுக்குப் போகும். இல்லை என்றால் இல்லை. ஒரு தரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். வயதான மீனவர் ஒருவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு கேட்டார். முக்கால் மணித்தியாலம் நீங்கள் வாசித்தீர்கள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முடிந்ததும் அவர் கத்தியை வைத்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார். நீங்கள் தாள்களை நாலாக மடித்து அவருடைய அடுப்புக்குள் போட்டுவிட்டு எழும்பினீர்கள்.

திரும்பும்போது வானுக்குள் எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. "ஆறு கிழமையாக எழுதியது" என்றேன்.

"அவர் நாற்பது வருடம் வாழ்ந்தது" என்றீர்கள். பிறகு மீன் விலையைப் பற்றிப் பேசினீர்கள்.

அண்ணை காணாமல்போன செய்தியும் உங்கள் ஊரில் வைத்துத்தான் எனக்கு வந்தது. காலையில் சைக்கிளில் பட்டணத்துக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அண்ணி நாலு வயதுப் பிள்ளையோடு இராணுவ முகாம் முகாமாக அலைந்தா. எனக்குக் கடிதம் வருவது நின்றுபோனது. நீங்கள் தபாலை வகைப்படுத்துகிறவர், நான் சொல்லாமலே அது உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்தீர்கள். உங்களுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவின் படகு திரும்பி வரவில்லை என்று சொன்னீர்கள். உடல் கிடைக்கவில்லை. உங்கள் அம்மாவின் தீவில், கடல் ஆளைத் திருப்பித் தராவிட்டால், விரல் நீளத்தில் மெழுகால் ஒரு சிலுவை செய்து அந்த வீட்டுக்குக் கொண்டுவருவார்களாம். வெள்ளைத் துணி விரித்து மேசையில் கிடத்துவார்களாம். அயலவர்கள் பிணத்தோடு இருப்பதுபோல அதோடு இருந்து, அழுது, பிறகு எடுத்துப்போவார்களாம். உங்கள் மொழியில் அதற்கு ஊர் திரும்புதல் என்று பொருள் வரும் ஒரு பெயர் என்றீர்கள்.

நான் எழும்பிப்போய்க் கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினேன். "என்ர அண்ணை கடலுக்குப் போகேல்லை" என்று தமிழில் சொன்னேன். என்ன சொன்னீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை.

பிறகு அண்ணி பிள்ளையோடு எப்படியோ லண்டனுக்கு வந்து சேர்ந்தா. எனக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது, கலியாணமும் ஆகியிருந்தது. பிரான்சிலிருந்து எங்கள் ஆட்கள் பாதிப் பேர் பிள்ளைகளின் இங்கிலிஷுக்காக இங்கே வந்தார்கள், நான் அண்ணிக்காக மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உங்களிடம் விடைபெற வந்த அன்று நீங்கள் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "லண்டனிலும் தபால்பெட்டி இருக்கும்" என்றீர்கள்.

அண்ணியை அகதி விண்ணப்ப விசாரணைக்குக் குரோய்டனுக்குக் கூட்டிப்போனது நான்தான். உள்ளே விடவில்லை, வெளியே டிராம் தரிப்பில் நின்றேன். மூன்று மணித்தியாலம் கழித்து அண்ணி வந்து, நடந்ததைச் சொன்னா. கணவர் உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறார்கள். "காணேல்லை எண்டு எழுதச் சொல்லுங்கோ" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லியிருக்கிறா. அவர், "அக்கா, இரண்டில ஒண்டு சொல்லுங்கோ" என்றாராம். "நான் என்னத்தைச் சொல்ல, தம்பி? எந்தப் பக்கம் சொன்னாலும் பொய்தானே" என்று டிராமுக்குள் ஏறுமட்டும் அதையே சொல்லிக்கொண்டு வந்தா.

அந்த ஞாயிறு உங்களுக்குப் போன் எடுத்தபோது இதைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "இதை நான் எழுதலாமா?" என்றீர்கள். எழுதுங்கள் என்றேன். நாலைந்து வருடம் ஆயிற்று. நானும் மறந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் தடித்த உறையில் கதை வந்தது, மேலே உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டு: "இது உங்கள் அண்ணியின் கதை. தமிழில் சொல்லிச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது முகத்தைப் பாருங்கள். பிறகு ஓமா, இல்லையா என்று எனக்குச் சொல்லுங்கள்."

அந்த உறையை நான் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தேன். ஷிப்ட் முடியட்டும் என்றேன், தைப்பொங்கல் முடியட்டும் என்றேன். வேலை ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால், எங்கள் வீட்டில் அண்ணையைப் பற்றி யாரும் இறந்தகாலத்தில் பேசுவதில்லை. "அவருக்கு உறைப்புக் கூட வேணும்" என்பா அண்ணி, 'வேணுமாயிருந்தது' என்று சொல்லமாட்டா. அவருடைய பிறந்தநாளுக்கு ரொட்டியும் கட்டைச்சம்பலும் இருக்கும். தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வெளியே வருவா. அந்த முகத்துக்கு முன்னால் உங்கள் கதையை எடுத்துப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நானாவது வாசித்தேனா? அதுவும் இல்லை. ஒரு பக்கம்கூட.

மூன்று கிழமை கழித்து நீங்கள் போன் எடுத்தீர்கள். "வாசித்துக் காட்டினீர்களா?"

"காட்டினேன், மதாம்."

"என்ன சொன்னார்?"

"பிடித்திருக்கிறதாம். ஓம் என்றா."

"முகம் எப்படி இருந்தது?"

"அமைதியாகக் கேட்டா" என்றேன். நீங்கள் மூச்சை இழுத்து விட்டது எனக்குக் கேட்டது. அவ்வளவு சந்தோஷம் உங்களுக்கு. அதுதான் முதல் பொய்.

புத்தகம் அச்சாகி வந்தது. அண்ணியின் மகளுக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ஒரு பாடம். சித்தப்பாவுக்குத் தெரிந்த எழுத்தாளர் என்று அவளுக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சோபாவில் இருத்தி வைத்துக்கொண்டு, அகராதியும் கையுமாக வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கிவிட்டாள். நான் கடைக்குப் போய் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன், உள்ளே அவள் குரல்.

"பேந்து அந்த ஐலண்ட் ஆக்கள் சின்னக் கிறோஸ் ஒண்டை டேபிளில வைக்கினம், அம்மா. மெழுகில செய்தது. ஹஸ்பண்ட் வரேல்லைத்தானே, அதால இது அவரின்ர ப்யூனரல் மாதிரி…"

அண்ணி எழும்பித் தன்னுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. அண்ணை காணாமல்போனதற்குப் பிறகு அண்ணி அழுது நான் கேட்டதே இல்லை. குழந்தைப்பிள்ளை அழுவதுபோல, மூச்சுக்கூட எடுக்காமல் அழுதா. பிள்ளை புத்தகத்தோடு வெளிறிப்போய் நின்றாள். பின்னேரம் அண்ணி முகம் கழுவி, வழமையை விடப் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து சோறு போட்டா. அவர் சாகவில்லை என்று அண்ணி எங்கள் எல்லோருக்கும் சொன்ன பதிலாக அந்தப் பொட்டை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் வேலை இடைவேளையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதினேன். என் அண்ணையைக் கேட்டுக் கேள்வியில்லாமல் நீங்கள் சாகடித்துவிட்டீர்கள் என்று எழுதினேன். என் வீட்டில் ஒரு பெண்ணை அழவைத்தீர்கள் என்று எழுதினேன். ஆனால் ஓம் சொன்னது யார் என்ற கேள்வி வருமே. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். "அண்ணி அன்று ஓம் என்றது மரியாதைக்காக. எங்கள் ஆட்கள் பெரியவர்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். இத்தனை வருடம் எங்களோடு பழகிய உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்" என்று எழுதினேன். என் கோழைத்தனத்துக்கு எங்கள் முழுச் சனத்தின் பண்பாட்டையும் தூக்கிப் போர்த்தினேன், மதாம். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

உங்கள் பதில் ஆறே வரி. "நீங்கள் சொல்வது சரி. நான் முகத்தைப் பார்க்காமல் ஓமை மட்டும் வாங்கிக்கொண்டேன். உங்கள் அண்ணியிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். எங்கள் சனமும் மரியாதையான சனம்தான். இத்தனை குசினிகளில் எனக்குக் கிடைத்த ஓம்களில் எத்தனை அப்படிப்பட்டவை என்று இப்போது யோசிக்கிறேன்."

நான் பதில் போடவில்லை. உங்கள் மன்னிப்பை அண்ணியிடம் சொல்லவும் இல்லை, சொன்னால் எதற்கு என்று கேட்பாவே. ஒவ்வொரு புதுவருடத்துக்கும் உங்களிடமிருந்து ஒரு கார்ட் வரும். உள்ளே பிரெஞ்சு எழுத்தில், தமிழில், ஒரே சொல்: சுகமா. ஒன்பது கார்ட். ஒன்றுக்காவது 'சுகம்' என்று திருப்பி எழுத எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

உங்கள் அக்காவின் மகன்தான் என்னை அழைத்தார். உங்கள் முகவரிக் கொப்பியில் என் பெயரைக் கண்டாராம். நீங்கள் போய்விட்டதைச் சொன்னார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் ஒரு விஷயம் கேட்டார். "அந்தக் கடைசிப் புத்தகத்துக்குப் பிறகு அவர் ஒரு வரியும் எழுதவில்லை. பழைய புத்தகங்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய், நீங்கள் அன்று உண்மையாகத்தான் ஓம் என்றீர்களா என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளிடம் கேட்டார். ஏன் என்று எங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

உங்களுக்கு எழுபது தாண்டியிருந்தது. முழங்கால் வலி உங்களுக்கு. அந்த மழையில், அந்தக் காற்றில், பையோடு ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியிருக்கிறீர்கள். பேசினில் தண்ணீர் நிரப்பாத பின்னேரங்கள் எத்தனை இருந்திருக்கும்? இதெல்லாம் தெரிந்தும் தெரியாது என்றேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மனைவி சுட்டதை அண்ணி பிய்த்து வாயில் வைத்துவிட்டுக் கேட்டா, "இது அந்த மதாமின்ர ஊர்ச் சாப்பாடோ?"

"ஓம், அண்ணி."

"அவவின்ர கதையை நான் இன்னும் மறக்கேல்லை, தம்பி. பிள்ளை கொன்னிக் கொன்னி வாசிச்சதே எனக்கு விளங்கினது."

"அவ அதை எழுதியிருக்கக் கூடாது. நான் அப்பவே சொல்லிப்போட்டன்."

"ஏன்? அதில என்ன பிழை?"

"உங்களை அழ வைச்சதே."

அண்ணி கையிலிருந்ததைத் தட்டில் வைத்தா. "நான் அழுதனான்தான். எத்தினை வருஷம் அழாமல் இருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? அழுதால் அவர் இல்லை எண்டு நானே சொன்ன மாதிரி. அதுக்குப் பயந்து பயந்து அடக்கிக்கொண்டு இருந்தன். ஒரு செத்தவீட்டுக்கும் நான் போறேல்லை, கவனிச்சிருப்பியள். அந்த மனிசி கதையில வாற ஆரோ ஒருத்தியின்ர பேரில எனக்கு ஒரு செத்தவீடு வைச்சுத் தந்தவ. அவரை நான் சாகக் குடுக்கவும் இல்லை, ஆனால் ஆசைதீர அழுதிட்டன். அண்டைக்குத்தான் நான் ஒழுங்கா நித்திரை கொண்டனான்."

"அப்ப, அண்டைக்கு அவ்வளவு பெரிசாப் பொட்டு வைச்சது?"

"எந்தப் பொட்டு?" அண்ணிக்கு நினைவே இல்லை. "அழுத முகம் எண்டு வைச்சிருப்பன். பிள்ளை பயந்துபோய் நிண்டது." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "நீங்கள் அவவுக்கு என்ன எழுதினனீங்கள், தம்பி?"

மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழுத முதல் என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாமே" என்றா அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பரிதாபப்பட்டுச் சொன்னா.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது உங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். எலிசபெத் லைன் ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. வாசித்தேன், முதல் தரம். நீங்கள் அவரைச் சாகடிக்கவில்லை. தீவின் பெண்கள் அவளிடம் ஒன்றையும் கழற்றச் சொல்லவில்லை, ஒன்றையும் ஒத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மெழுகைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அவளுக்கு ஒரு மைத்துனன் வருகிறான். எல்லா வேலையையும் ஓடி ஓடிச் செய்கிறான், உள்ளே மட்டும் வரமாட்டேன் என்கிறான். அவனைப் பற்றி எழுதியிருந்தீர்கள்: "வாசலில் நின்றவனுக்குக் கதிரை கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் அதிக காலம் நின்றுகொண்டே இருந்தவன் அவன்தான்."

நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. ஹீத்ரோப் பக்கம் எங்கேயோ போய்த்தான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சூட்கேசோடு இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் என் கையில் ஒரு டிஷ்யூவைத் திணித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போனாள். அழவேண்டியிருந்தது அண்ணி மட்டுமில்லை என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அதனால்தான் என்னையும் சத்தமாக வாசிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். நான் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தேன்.

அன்று பின்னேரம் உங்கள் அக்காவின் மகனுக்குப் போன் எடுத்தேன். என் பிரெஞ்சு துருப்பிடித்துவிட்டது, நாலு தரம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கதையை நான் வாசிக்கவில்லை. அண்ணிக்கு வாசித்துக் காட்டவில்லை. அண்ணி ஓம் என்று சொல்லவும் இல்லை, மரியாதைக்காகப் பொய் சொல்லவும் இல்லை. எல்லாம் நான் சொன்னது. உங்களுடைய முறையில் ஒரு பிழையும் இல்லை, உங்களுக்குக் கிடைத்த ஓம்களில் பொய்யான ஓம் என்னுடையது ஒன்றுதான்.

திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அந்த வீடுகளில் எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கவில்லையே" என்றார்.

"என்ன சொன்னார்கள்?"

"ஓம் என்றால் ஓம்தான் என்றார்கள். ஒருவர் தவறாமல். மீன் தொழிற்சாலையில் இருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாளாம், தன் மாமியார் மரியாதைக்குப் பேசுகிற ஆளா, ஊரையே பகைத்தவள் அல்லவா என்று. நாங்களும் எத்தனையோ தரம் சொன்னோம். சித்தி நம்பவில்லை. இவர்களும் மரியாதைக்குத்தான் சொல்கிறார்கள் என்பார். இந்த ஊரில் ஒருவரையும் அவர் நம்பவில்லை, மிஸ்யூ. உங்களைத்தான் நம்பினார்."

அந்த நம்பிக்கை இப்போது என்னிடம் இருக்கிறது, மதாம். திருப்பித் தர நீங்கள் இல்லை. இறக்கி வைக்கவும் எனக்கு இடமில்லை.